நைனாவுக்குப் பதிலா பொண்ணு எழுதின பரீட்சை

எலும்பு வார்டு நர்ஸுன்னா உடைஞ்ச காலுக்குத்தான் காவல்னு ஊரெல்லாம் நெனச்சிக்கினு இருக்கு. பாதி நாள் நாம தலைக்குத்தான் காவல்னு, வார்டுல நின்னு நின்னு கால் வீங்கின என் சகோதரிங்களே, உங்களுக்குத் தெரியாதா?

முதல் பரீட்சை

சத்தியவேடு பக்கத்துலேர்ந்து முனுசாமின்னு ஒருத்தர் திருப்பதிக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. எழுபத்தாறு வயசு. வரப்புல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிட்சி. ஆபரேஷனுக்கு முன்னாடி வயசானவங்கள நான் கேள்வி கேப்பேன். இது எந்த ஊரு, என்ன வருஷம், நான் சொன்ன மூணு பொருள் என்னன்னு. ஞாபகம் தடுமாறுதுன்னா ஆபரேஷன் முடிஞ்சதும் குழப்பம் வரலாம். முன்னாடியே தெரிஞ்சா கூடவே இருந்து பாத்துக்கலாம்.

அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள மக தனம் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டா. மறதின்னு தெரிஞ்சா ஆபரேஷன நிறுத்திடுவாங்கன்னு பயம். வரிசையில இன்னும் ஒம்பது பேரு. நானும் அப்படியே எழுதிட்டேன். தப்பு என்னுதுதான். அவ தைரியமா சொன்னா: "எங்க நைனாவுக்கு மறதியே கெடையாது மேடம், நல்லா எழுதிக்குங்க!"

கரெண்ட் வந்த நேரம்

ஆபரேஷன் நல்லா முடிஞ்சது. மறுநாள் காலையில டிரிப்ஸ் ஊசியப் புடுங்கிட்டு எழுந்திருக்கப் பாத்தாரு. தனத்தையே யாருன்னு கேட்டாரு. சின்ன வயசு டியூட்டி டாக்டர், கையக் கட்டில்ல கட்டச் சொன்னாரு. வந்ததே எனக்குக் கோவம்! கட்டினா இன்னும் மெரண்டுடுவாரு. "கட்டித்தான் ஆவணும்னா மொதல்ல என் கையக் கட்டுங்க சார்"னு நின்னுட்டேன். டாக்டர் மொறைச்சிக்கினே, குழப்பத்துக்குக் காரணம் தேடி வலி, ஜுரம், மூத்திரம், ரத்தத்துல உப்புன்னு பாக்க ஆரம்பிச்சாரு. பெரியவர் மட்டும் ஓயல, வயல்ல இருக்கற நெனப்பு. "கரெண்ட் வந்துட்சி, மோட்டார் போடணும், உடுங்கடா என்ன!"

பைக்குள்ள இருந்த கண்ணு

தனம் தேம்பித் தேம்பி அழுதா. "நைனாவுக்குப் பைத்தியம் புடிச்சிட்சா? ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டவ நாந்தானே"ன்னா. "பைத்தியமும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. பெரும்பாலும் தெளிஞ்சிடும்"னேன். அப்பத்தான் உண்மை வெளிய வந்துது. ஒரு வருஷமா அவரு மோட்டார நிறுத்தவே மறந்துடறாராம்.

திட்டறதுக்கு நேரமில்ல. கண்ணாடியும் காது மிஷினும் எங்கன்னு கேட்டேன். ரெண்டும் இல்லாம அந்த மனுஷன் எதப் பாத்து, எதக் கேட்டுத் தெளிவாரு? ஆபரேஷனுக்குக் கழட்டினத யாரும் திரும்ப மாட்டவே இல்ல. "தொலஞ்சிடப் போவுதுன்னு பைக்குள்ள முடிஞ்சி வெச்சிகினு இருந்தேன் மேடம்!"

ரெண்டாம் பரீட்சை

கண்ணாடியப் போட்டு, மிஷின மாட்டி, ஜன்னலத் தொறந்து வெச்சோம். தனம் பக்கத்துலயே உக்காந்து ஊர்க்கதை பேசினா. மூணாம் நாள் பேர் சொல்லி அவளக் கூப்பிட்டு இட்லி கேட்டாரு. அவ அழுத அழுகை, எனக்கும் கண்ணு கலங்கிட்சி.

திரும்பவும் கேள்விப் பேப்பரோட போனேன். டாக்டரும் வந்து நின்னாரு. ஊரு சரி, வருஷம் தப்பு, மூணு பொருள்ல ஒண்ணுதான் வந்துது. மறதி அவரோடதான் வீட்டுக்குப் போவும், ஆனா ஆளு ஆளாத் திரும்பிட்டாரு. தனம் தலையக் குனிஞ்சிக்கினா. பெரியவரு என்ன நேராப் பாத்து சொன்னாரு: "வருஷம் தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேம்மா, இவ எங்க என்ன வாயத் தொறக்க உட்டா?"

இப்பல்லாம் யாரு மொறைச்சாலும் சரி, கூட வந்த புள்ளைங்கள டீக்கடைக்கு அனுப்பிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பிக்கிறேன்.