யோசப்பினின் கால் பெருவிரல்

நண்டுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்ததில் யோசப்பினுடைய கைவிரல்களில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, தாளைப்போல மெல்லிய சவ்வுகளுக்கு நடுவிலிருந்து சதையைக் குலையாமல் எடுக்க வேண்டும். கையுறை போட்டால் சதைக்குள் கிடக்கும் ஓட்டுத்துண்டு விரலுக்குப் பிடிபடாது. அதனால் வெறுங்கைதான். அரை மணிக்கொரு தடவை மணி அடிக்கும். எல்லாரும் எழும்பிப் போய்க் குளோரின் தண்ணீரில் கையை முக்கிவிட்டு வரவேண்டும். முள் கிழித்த இடத்தில் அந்தத் தண்ணீர் படும்போது புதிதாக வந்த பெட்டைகள் அழுவார்கள். யோசப்பின் முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டாள்.

அவள் சத்தம் போடுகிற ஆள் அல்ல. ஆனால் எதையும் மறக்கிற ஆளும் அல்ல. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, பக்கத்து வளவுக்காரி ஒருத்தி அவளுக்குக் கிணற்றுத் தண்ணீர் தரவில்லை. குடத்தோடு நின்றவளைப் பார்த்துப் படலையைச் சாத்தினாள். பன்னிரண்டு வருடம் கழித்து அதே மனுசி குருநகர்ச் சந்தைக்கு வந்து, அப்போது அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த யோசப்பினுக்கு முன்னால் நின்று விலை கேட்டாள். கூடை நிறைய விளைமீன் கிடந்தது. "மீன் இல்லை அக்கா" என்றாள் யோசப்பின், கூடையை மூடாமலே. மனுசி மீனையும் இவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்ததாகப் புருசன் கனிசியஸ் இன்றைக்கும் சொல்லுவார்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஜெரிசன் அகப்பட்டான்.

ஜெரிசனுக்குக் கடற்கரை வீதியில் போன் கடை. ஒரு கொம்பனியின் போன்களை மட்டும் விற்கிற கடை. வாசலில் அந்தக் கொம்பனியின் பெரிய பெயர்ப்பலகை. போன வருடம் வைகாசியில் அந்தக் கொம்பனி ஒரு புதுப் போனை இறக்கியது. அதிலே பொத்தான் இல்லை. இரகசிய இலக்கமும் இல்லை. திறப்பதற்கும் விரல், வந்த அழைப்பை எடுப்பதற்கும் விரல். ஐந்து தரம் விரல் பிழைத்தால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். கள்ளனுக்கு இடமே இல்லை என்று விளம்பரம் சொன்னது. ஊர்ச்சனம் அதற்கு 'விரல்போன்' என்று பெயர் வைத்தது. படம் தெளிவாகத் தெரிந்ததாலும், மாதம் மாதம் கட்டலாம் என்றதாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்த தொழிற்சாலைப் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் அதை வாங்கினார்கள். யோசப்பினும் வாங்கினாள். கடையிலே வைத்து ஜெரிசன் அவளுடைய விரலைத் துடைத்துத் துடைத்து அமத்தி, எப்படியோ ஒருவாறு பதிந்து கொடுத்தான். வீட்டில் அது நாலு தரத்துக்கு ஒரு தரம் திறந்தது.

ஆனி மாதம் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்து முற்றத்தில் நின்றபோது போன் அடித்தது. பிரான்சிலிருந்து மகள் றொசாந்தி. தலைப்பிள்ளைக்கு நாள் கிட்டியிருந்த நேரம். யோசப்பின் விரலை வைத்தாள். 'விரல் பொருந்தவில்லை' என்றது போன். சட்டையில் துடைத்துவிட்டு வைத்தாள். பொருந்தவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். ஐந்தாவது தரத்தோடு போன் பூட்டிக்கொண்டது. பூட்டிக்கொண்டும் அது கையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் மகளின் படம் சிரித்தபடி வருவதும் மறைவதுமாக இருந்தது. எண்களெல்லாம் அதற்குள்தான் கிடந்தன. கனிசியஸ் கடலில்.

மறுநாள் இன்னொருவர் மூலம் செய்தி வந்தது. வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் உள்ளே கொண்டுபோகுமுன் றொசாந்தி கடைசிவரை கேட்டது ஒன்றுதானாம்: "அம்மா ஏன் எடுக்கேல்லை?"

யோசப்பின் போனைக் கொண்டுபோய் ஜெரிசனின் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

"தம்பி, இதுக்கு ஒரு நம்பர் போட்டுத் திறக்கிற மாதிரிச் செய்து தா."

"ஏலாது அன்ரி. அப்பிடி ஒரு வழி இதிலை இல்லை."

"வழி இல்லாமல் ஏன் செய்தவங்கள்?"

"போனை எப்பிடிச் செய்யிறதெண்டு கொம்பனிக்குத் தெரியும் அன்ரி. படிச்ச ஆக்கள் இருந்து செய்யிறது. போனிலை பிழை இல்லை. நீங்கள் விரலைத் திருத்துங்கோ. கிறீம் ஏதும் பூசிப் பாருங்கோ."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். யோசப்பின் தன் விரல்களைப் பார்த்தாள். இந்தப் போனைச் செய்தவன் யாருடைய விரலை வைத்துச் செய்து பார்த்திருப்பான்? நண்டு உடைக்கிறவளின் விரலையோ, வலை இழுக்கிறவனின் விரலையோ அவன் கண்ணால்கூடக் கண்டிருக்கமாட்டான்.

விடை வீட்டிலேயே கிடந்தது. தொழிற்சாலையில் எல்லாருக்கும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. கை பாழாய்ப் போன பதினோரு வருடமும் கால் அதற்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு நாள் தரையில் இருந்து கால் நகம் வெட்டும்போது அவள் தன் வலது பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தைப்பிள்ளையின் விரலைப்போல வரிவரியாக ரேகை. போன் கைவிரலுக்குத் திறந்த ஒரு தரத்தில் அந்தப் பெருவிரலைப் பதிந்துவிட்டு, பிறகு காலை வைத்துப் பார்த்தாள். முதல் தரத்திலேயே திறந்தது. அந்தக் கிழமைக்குள் நாற்பத்திரண்டு பேரும் கைவிரலை அழித்துக் கால்விரலைப் பதிந்துவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையாக இருந்து காலால் போன் திறக்கிறதைப் பார்த்து மேற்பார்வைக்கு நிற்கும் ஜெசிதா வயிறு நோகச் சிரிப்பாள். தங்களுக்குள் சிரிக்கிறது வேறு, ஊர் சிரிக்கிறது வேறு.

ஆவணியில் யோசப்பின் சார்ஜ் வயர் வாங்கக் கடைக்குப் போனாள். வயர் சரியோ என்று பார்க்கச் செருப்பைக் கழற்றி, போனைத் தரையில் வைத்துக் காலால் திறந்தாள். ஜெரிசன் அதை வீடியோ பிடித்து இணையத்தில் போட்டது அவளுக்குத் தெரியாது. இரண்டு நாளில் அது ரொறன்ரோவரை போய்விட்டது. 'போனை மிதிச்சுத் திறக்கிற அன்ரி' என்று தலைப்பு. கீழே ஒரு வரி: 'போனில் பிழை இல்லை, விரலில்தான் பிழை.' பின்னால் ஒரு கோமாளிப் பாட்டு. றொசாந்தியின் மாமியார் அதைப் பார்த்துவிட்டு மருமகளிடம், "உன்ரை கொம்மா தானே?" என்று கேட்டிருக்கிறார்.

யோசப்பின் போய்க் கேட்டாள். "அதை எடுத்துவிடு மோனை."

"ஏன் அன்ரி? சனம் சந்தோசப்படுது. கடைக்கும் விளம்பரம். இப்ப நீங்கள் பேமஸ்!"

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. வயர் நல்லது என்று சொல்லிவிட்டு வந்தாள். கனிசியஸ் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் அந்தப் பாவி?" என்று கேட்டார்.

நாலு மாதம் போனது. நத்தார்ப் பண்டிகைக்குக் கொம்பனி ஒரு திட்டம் கொண்டுவந்தது: பழைய விரல்போனைக் கொடுத்துக் கடையில் உள்ள வேறெந்தப் போனையும் எடுக்கலாம். இலக்கம் அடித்துத் திறக்கிற, பக்கத்தில் பொத்தான் உள்ள மலிவான போன் ஒன்றும் கண்ணாடிக்குள் இருந்தது. பெண்கள் அடுத்த நாளே ஓடப் பார்த்தார்கள். யோசப்பின் மறித்தாள்.

"இருபத்துநாலாந் திகதி போவம். எல்லாரும் ஒண்டாய்."

"அண்டைக்குச் சனம் நெரியுமேயடி" என்றாள் பெர்னடெட்.

"நெரியட்டும்."

நெரிந்தது. ஜெரிசனுக்குத் தலை நிமிர நேரமில்லை. நீட்டிய போனில் வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டான். நாற்பத்திரண்டு போனும் பூட்டியபடியே பெட்டிக்குள் போயின.

தை மாதம் கொழும்பிலிருந்து கொம்பனியின் ஆள் எமில்ராஜ் வான் வண்டியோடு வந்தான். ஒவ்வொரு போனையும் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துத்தான் பாரமெடுத்துக் கொண்டுபோகலாம் என்றான். அவனிடமும் வேறு திறப்பு இல்லை. விரல்போனை அதன் விரல் இல்லாமல் கடவுளாலும் திறக்க ஏலாது என்று பெருமை அடித்த கொம்பனி அது. கணக்குச் சரிவராவிட்டால் வாசலில் உள்ள கொம்பனிப் பலகையைக் கழற்றவேண்டி வரும் என்றான்.

ஜெரிசன் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை வாசலுக்கு ஓடினான். வேலை முடிந்து வந்த யோசப்பினைப் பிடித்தான்.

"அன்ரி, ஒருக்கா எல்லாரும் கடைக்கு வந்து விரலை வைச்சுவிடுங்கோ."

"விரலிலை தானே தம்பி பிழை? நீதானே எழுதினனி."

"அன்ரி, பகிடி விடாதையுங்கோ."

"பகிடி இல்லை. கால்தான் வைக்கவேணும். கடைக்கு ஒரு கதிரை எடுத்துப் போடு. எங்களுக்கு முழங்கால் வருத்தம், மேசைக்குக் காலைத் தூக்க ஏலாது. வாறம்."

வந்தார்கள். வீதிவரை வரிசை நின்றது. முதல் ஆளாகப் பெர்னடெட் கதிரையில் இருந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினாள். ஜெரிசன் குனிந்து பார்த்தான், எட்டவில்லை. ஒரு முழங்காலை ஊன்றினான். பிறகு மற்றதையும் ஊன்றினான். போனைப் பெருவிரலுக்குக் கீழே பிடித்தான். திறந்தது.

"பெரிய வியாழன் இன்னும் வரேல்லையே மோனை" என்றாள் பெர்னடெட். "தண்ணியும் துவாயும் எங்கை?"

வரிசை வெடித்துச் சிரித்தது. சிறுவயதில் பூசைக்கு உதவி செய்த பெடியன் அவன். பெரிய வியாழனில் சாமியார் ஊர்ச்சனத்தின் கால் கழுவும்போது பக்கத்தில் கிண்ணம் ஏந்தி நின்றவன். இப்போது காது சிவக்க அடுத்த போனை எடுத்தான். ஜெசிதா தன் புதுப் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவள் மட்டும் இல்லை. வீதியிலும் நாலைந்து போன் உயர்ந்திருந்தன.

எமில்ராஜ் சங்கடத்தோடு யோசப்பினிடம் வந்தான். "அம்மா, எங்கட போனிலை என்ன மாத்தினால் நல்லம் எண்டு நினைக்கிறியள்? மேலிடத்துக்குச் சொல்லுறன்."

"நாலு நம்பர் அடிச்சுத் திறக்க ஒரு வழி. வந்த கோலை எடுக்க ஒரு பொத்தான். ரெண்டும் முந்தி இருந்தது. எங்களைக் கேட்டே எடுத்தனியள்?"

"டிசைன் எல்லாம் அங்கைதான் தீர்மானிக்கிறது, அம்மா. ஆக்கள் பழகிவிடுவினம் எண்டு..."

"ஓம். பழகீட்டம்" என்றாள் யோசப்பின், ஜெரிசனின் முதுகைப் பார்த்தபடி. "காலாலை."

நாற்பத்தொரு போன் முடிய மணி ஐந்தாகிவிட்டது. ஜெரிசனின் காற்சட்டை முழங்காலில் வெளுத்திருந்தது. கடைசியாக யோசப்பின் வந்து இருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"முதல் அந்த வீடியோவை எடு."

அவன் முழங்காலில் நின்றபடியே அழித்தான். அவள் ஜெசிதாவின் போனில் தேடிப்பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"அன்ரி," என்றான் அவன் மெதுவாக, "இந்தப் போனை இப்பிடிச் செய்தது நான் இல்லை. கொம்பனி."

"தெரியும் மோனை. கொம்பனிக்கு இஞ்சை வந்து குனிய நேரம் வராது. விரலைத் திருத்தச் சொன்னது நீ. படம் எடுத்ததும் நீ."

அவள் செருப்பைக் கழற்றி இடது காலை நீட்டினாள். பெருவிரல். விரல் பொருந்தவில்லை.

"மற்றக் காலோ, அன்ரி?"

"ஞாபகம் இல்லை. வைச்சுப் பார்."

வலது காலின் சின்னவிரல். பொருந்தவில்லை. அதற்குப் பக்கத்து விரல். பொருந்தவில்லை. வீதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நாலாவது விரலுக்கும் போன் அதையே சொன்னபோது ஜெரிசன் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது.

"அன்ரி, வேண்டாம். இன்னும் ஒரு தரம்தான் இருக்கு. பெருவிரலைத் தாங்கோ."

அன்றைக்கு முற்றத்தில் நின்றபோது அவளுக்கும் இன்னும் ஒரு தரம்தான் இருந்தது. கண்ணாடிக்குள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யோசப்பின் குனிந்து, நண்டு கிழித்த தன் கைவிரலை மெதுவாகப் போனில் வைத்தாள். போன் பூட்டிக்கொண்டது.

எமில்ராஜ் மணிக்கூட்டைப் பார்த்தான். நாற்பத்திரண்டும் இல்லாமல் கையெழுத்து வைக்க ஏலாது, ஒரு நாள் நிற்கத்தான் வேண்டும் என்றான்.

யோசப்பின் செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு வேலை முடிஞ்சு வாறன், தம்பி. முழங்காலுக்குக் கீழை ஒரு சாக்கை மடிச்சுப் போட்டுவை."