வெட்டிய கிளையில் கசிந்த பால்

தேக்கா சந்தைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் அந்தச் செடியை வாங்கினேன். ஓர் இலைகூட இல்லை. அடித்தண்டு மட்டும் பூசணி போல் பருத்திருந்தது. பெயர் கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. "தண்ணி அதிகமா ஊத்திடாதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் காரிடரில், சாரல் அடிக்கிற ஓரத்தில் வைத்துவிட்டேன். சில வாரங்களில் அடித்தண்டை அழுத்தினால் விரல் அமுங்கியது. அழுகுகிறதோ என்று பயந்துபோய்ப் பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, மணலும் சரளையும் போட்டு, மழை படாத, வெயில் விழும் மூலைக்கு நகர்த்தினேன். தண்ணீரை அறவே நிறுத்தினேன். பிழைத்துக்கொண்டது. தடித்த, பளபளப்பான இலைகள் வந்தன. பூ வராததால் என்ன செடி என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கணவர், "நுனிய வெட்டினா நிறைய கிளைக்கும்" என்று சமையலறைக் கத்தியோடு போனார். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்தது. படமெடுத்து, செடி வளர்க்கும் ஆபீஸ் தோழிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அடி பருத்திருக்கு, கிளை நுனியில இலை கொத்தா வருது, பால் வேற. பாலைவன ரோஜா லா அது! அரளிக்குச் சொந்தம். பால் உள்ள போனா ஹார்ட்டுக்கு ஆபத்து. யாரும் தொடலையே?"

திரும்பினேன். கணவர் சோபாவில் கொய்யா தின்றுகொண்டிருந்தார். தட்டில் அதே கத்தி.

"என்னங்க, கத்தியக் கழுவினீங்களா?"

"துடைச்சேன். ஏன்? பழம் கொஞ்சம் கசக்குது."

டாக்ஸி பிடித்து ஓடினோம். அவசரப் பிரிவில் மார்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். கொஞ்சமாகத்தான் போயிருக்கும், ஆனாலும் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். திரையில் ஓடிய கோடு ஒருமுறை தயங்கியது போலிருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒரு ஒயரை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

"பயமா இருக்கா?" என்றார் கணவர்.

"இல்ல" என்றேன். அவர் என் கையை விடவே இல்லை.

மறுநாள் பாதிப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். செடியைத் தூக்கிப்போடப் போனேன். "அது என்ன பண்ணுச்சு, பாவம்" என்று கணவர் தடுத்துவிட்டார்.

மழை விட்ட பிப்ரவரியில் பூத்தது. ஐந்து இதழ், விளிம்பில் அடர்ந்த ரோஜா நிறம், உள்ளே வெளிறிய தொண்டை. தோழி சொன்னது சரிதான். காரிடரில் போகிறவர்கள் நின்று படமெடுக்கிறார்கள். விஷம் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே தொடுகிறார்கள். வீட்டுக்குள் கணவர் காரணமில்லாமல் மார்பைத் தடவினால்கூட, செய்கிற வேலையை விட்டுவிட்டு நான் அவர் முகத்தையே பார்க்கிறேன்.