உவரியில் அவிழ்த்துவிட்ட கயிறு

முன்பு ஒருமுறை உவரிக் கடலில், பெரிய சீலா மீன் மாட்டியிருந்த தூண்டில் கயிற்றைப் படகிலிருந்து அவிழ்த்துவிட்டவன் நான்தான். மீனின் இழுப்பிலும் அலையிலும் படகு கவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். கேட்டபோது, முடிச்சு தானாக அவிழ்ந்தது என்றேன். அந்த முடிச்சைப் போட்ட சூசை, படகுக்காரர் அந்தோணியின் மைத்துனர். அதன்பின் அந்தோணி அவரைப் படகில் ஏற்றவே இல்லை.

இன்று மறுபடியும், தூண்டில் போடும் ஆசையில், அந்தோணியோடு போகிறேன். கச்சான் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஓடும் படகுக்குப் பின்னால் இரண்டு தூண்டில்கள் இழுபட்டு வருகின்றன. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

"கரையில மீன் வாங்கித் திங்கதுக்கு என்ன அண்ணாச்சி?" என்று அந்தோணி சிரிக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு நின்றுபோகிறது.

"பயமா இருக்குன்னா சொல்லியிருக்கலாம்லா, நானே கயித்த விட்டிருப்பேனே. அவன் அக்கா, என் பொஞ்சாதி, செத்தன்னைக்குக்கூட அவங்கூட நான் பேசல வே."

தூண்டில்களைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் படகைத் திருப்புகிறார். கரையேறியதும் நேரே சூசை வீட்டுக்குப் போகிறோம். வாசலில் நின்று நானே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். சூசை என்னைப் பார்க்கவில்லை.

"நான் மாதா மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன், நீரு நம்பல. இப்ப இவரு சொன்னதும் நம்பிட்டீராக்கும், மச்சான்?"

 கேட்டுவிட்டுச் சூசை உள்ளே போய்விடுகிறார்.