நான்கு கொம்புக் குழாய்

முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். திருப்பு விசை பாடத்துக்கு வகுப்பறைக் கதவைத்தான் உதாரணம் காட்டுவேன். கீல் பக்கம் தள்ளினால் கதவு லேசில் அசையாது. ஓரத்தில் ஒரு விரல் போதும். அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விசையைக் கொடுக்கிறோமோ அவ்வளவு திருப்பும் திறன் கூடும். இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

ஓய்வு பெற்று ஆரணியில் வீடு கட்டியபோது குளியலறைக் குழாயை நானே பார்த்து வாங்கினேன். பித்தளை. மேலே நான்கு குட்டைக் கொம்புகள். விரல்களால் பற்றித் திருக வேண்டும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். சில வருடங்களில் என் மனைவிக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. குழாயை இறுக மூட அவளால் முடியவில்லை. மாடித் தொட்டி காலியாகும். நான் கத்துவேன்.

"நீட்டுப் பிடி வச்ச கொழா போட்டுடலாங்க. பக்கத்து வீட்ல போட்டுகினாங்க" என்றாள்.

"நல்லா இருக்கிறத எதுக்குக் கழட்டணும்? ஒழுங்கா மூடினா மூடும்."

அதன்பின் ஒரு மாதம் குழாய் சொட்டவேயில்லை. என் திட்டு வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் கொம்புகளில் கீறல்கள் தெரிந்தன. கேட்டதற்கு, களி கிண்டும் துடுப்பை எடுத்து வந்தாள். இரண்டு கொம்புகளுக்கு நடுவே அதன் காம்பைச் செருகி, மறுமுனையை உள்ளங்கையால் தள்ளினாள். குழாய் மூடிக்கொண்டது.

அவள் முள்ளிப்பட்டு நெசவு வீட்டுப் பெண். "எங்கப்பா படமரத்த இப்டித்தான் சுத்துவாரு" என்றாள். நெய்த புடவை சுருளும் அந்தக் கனமான உருளையை, துளையில் கம்பு கொடுத்துத்தான் தறிக்காரர்கள் திருப்புவார்கள். "இன்னாங்க, வாத்தியாருக்கே பாடம் எடுத்துட்டேனா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பித்தளை கெடுகிறது என்று சொல்லி, துடுப்பை வாங்கி அலமாரியின் உச்சியில், அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றதையெல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

அவள் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் பற்றித் திருகிவந்தாள். ஒரு காலையில் குளியலறையிலிருந்து அலறினாள். வலது மணிக்கட்டு பந்துபோல வீங்கியிருந்தது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையால எதையும் பிடிச்சுத் திருகவே கூடாதும்மா. சார், நீட்டுப் பிடி குழாய் போட்டுடுங்க. முழங்கையால தள்ளினாலே தெறக்கும்." பிறகு, "சார் எதுல இருந்தீங்க?" என்றார்.

"ஸ்கூல்ல. பிசிக்ஸ்."

அவர் மருந்துச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டார்.

புதுக் குழாய் மாட்டக் கால் மணி நேரம் ஆனது. மணிக்கட்டுதான் சரியாகவில்லை. சீப்பைப் பிடிக்க முடிவதில்லை; நான்தான் தலை வாரிவிடுகிறேன். நன்றாக வருவதில்லை. சென்ற வாரம் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, துடுப்பு வச்சா ஏன் சுளுவா மூடுதுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."



"தெரியாதுன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.