விடாத இன்ஸ்பெக்டர்

அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு, மாத்தளைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் முறைப்பாடு கொடுக்கக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் வெளுத்த பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண், ஆங்கிலத் துப்பறியும் நாவலொன்றை வாசித்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொலைக் கதைதானே அக்கா, அதில என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

"இந்த இங்கிலாந்து இன்ஸ்பெக்டர் மேலதிகாரிய, மழைய, ஆறிப்போன டீய, எல்லாத்தையும் நக்கலடிப்பாரு தம்பி. ஆனா செத்தவங்கள மட்டும் நக்கலடிக்க மாட்டாரு. யார் செஞ்சதுன்னு தெரியிற வரைக்கும் விடவும் மாட்டாரு. எங்க வீட்டுக்காரர தம்புள்ளை ரோட்டுல ஒரு லொறி அடிச்சுக் கொன்னுட்டு நிக்காமப் போயிருச்சு. அதக் கேக்கத்தான் மாசாமாசம் இங்க வர்றேன். வரும்போதெல்லாம் இப்படி ஒரு புத்தகம் கொண்டுவருவேன்."

அப்போது சார்ஜன்ட் அவரைக் கூப்பிட்டார். லொறியைக் கண்டுபிடிக்க வழியில்லை, விசாரணையை மூடிவிட்டோம், இனி வரவேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். குரலில் கடுமை இல்லை.

"அப்படியானால் இனி யாருமே தேடமாட்டீர்களா?" என்று அவரும் சிங்களத்திலேயே கேட்டார்.

சார்ஜன்ட் கோப்பை மூடி மேசையோரமாக நகர்த்தினார்.

அந்தப் பெண் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே போனார். எதற்காக நன்றி சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.