510511

அப்பாவுக்குப் பக்கவாதம் லேசாகத்தான் வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். லேசாக வந்ததில் வலது கை எழும்பவில்லை, பேச்சு குழறியது, என்னை இரண்டு தரம் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் அவருடைய எண் 510511. அடுத்த கட்டிலில் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்காரர். அப்பாவுக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தவர் என்பதால் அவருக்கு 510510.

மறுநாள் டாக்டரம்மா மலையாளத்தில் கேள்வி கேட்டு அப்பாவின் நினைவைச் சோதித்தார்.

“அச்சா, இன்னு ஏது திவசமாணு?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“நூறில் நின்னு ஏழு குறச்சால் எத்ர?”

அதற்கும் மின்விசிறியையே பார்த்தார். கண்ணில் படுகிற பஸ் எண், ரேஷன் கார்டு எண் எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்கிற மனிதர். கடைசியில் மணிக்கட்டைப் பார்த்து, “எதாலயும் போவல” என்றார். டாக்டரம்மா குறிப்பில் ‘குழப்பம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

நான் வராந்தாவில் நின்று அழுதேன். முகம் கழுவித் திரும்பியபோது அப்பா அடுத்த கட்டிலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒங்க நம்பர்ல ஐநூத்திப்பத்து ரெண்டு தரம் இருக்கு. அப்படி வந்தா ஆயிரத்தி ஒண்ணால போவும். அதனால ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாத்தாலயும் போவும். ஐநூத்திப்பத்து ரெண்டு, மூணு, அஞ்சு, பதினேழால போவும்.”

“அது கெட்ட நம்பரா அண்ணாச்சி?”

“சேச்சே. எல்லாருக்கும் வழி விடுத நம்பரு. எனக்கு அதவிட ஒண்ணு கூடுதல். எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். பகா எண்ணுதான்.”

நான் கைபேசியில் போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

“அப்பா, பத்தொம்பதால போகுது.”

அவர் முகம் சுருங்கியது. “ஈவு என்னட்டி?”

“இருபத்தாறாயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்பது.”

கண்ணை மூடிக்கொண்டார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் போனாள். சாயங்கால டீ வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“தொண்ணூத்தேழு, இருநூத்தி எழுபத்தேழு. ரெண்டையும் பெருக்கிப் பாரு.”

பெருக்கினேன். சரியாக இருந்தது. போனக்காட்டுக்காரர் கை தட்டினார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்த முறை வராந்தாவுக்குப் போகவில்லை.

“நூறுல ஏழு போனா என்னன்னு கேட்டாங்களே, ஏம்ப்பா சொல்லல?”

“அதெல்லாம் ஒரு கேள்வியா?”

“என்ன நாள்னு கேட்டதுக்காவது சொல்லியிருக்கலாம்.”

“உசுரோட கெடக்கவன்ட்ட வந்து திவசம் எப்பன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?”

பிறந்ததிலிருந்து திருவனந்தபுரத்தில் இருப்பவர். மலையாளத்தில் திவசம் என்றால் நாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் மூன்று எண்களையும் சொன்னேன். அவர் தன் கைபேசியில் பெருக்கிப் பார்த்தார். பிறகு ‘குழப்பம்’ என்பதை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வலது கை பாதிதான் திரும்பியது. காலையில் அம்மா சட்டைப் பொத்தான் போட்டுவிடும்வரை அப்பா அசையாமல் நிற்கிறார். அது இன்னும் இரண்டு பேருக்கும் பழகவில்லை.