குளியலறையில் இழுத்த மருந்து

முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகும் இடது காலில் நரம்பு இழுத்துக்கொண்டே இருந்தது. உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்கிற எனக்கு அது பெரிய வதை. குளிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்த டொக்டர் கடைசியில் கஞ்சாப்பூ எழுதித் தந்தார். ஜெர்மனியில் அது மருந்துக்கடையில் டொக்டர் எழுதித் தருகிற துண்டுக்குக் கிடைக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பேசிக்கொண்டிருந்தவர் கீழ்மாடியில் இருக்கிற அக்கா. எங்கள் எசன் நகரத்தில் அவருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. தகப்பன் கஞ்சா அடிக்கிறார் என்று ஒரு சொல் வெளியே போனால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன்.

புகைக்கக் கூடாது, சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் அதற்கான கருவியும் வாங்கினேன். கறுப்பு நிறம். பார்த்தால் முகம் வழிக்கிற மெஷின் போல இருக்கும்.

"இதென்னப்பா புதுசா?" என்றாள் மனைவி.

"பீனிசத்துக்கு. வேது பிடிக்கிற மாதிரித்தான். மூலிகை போட்டு ஆவி இழுக்கிறது."

மூக்கடைத்துத் தலையிடிக்கிற பீனிசம் எனக்கு இருப்பது உண்மை. அவள் நம்பிவிட்டாள். "அப்ப இனிச் சட்டியும் துவாயும் தேவையில்லை" என்று சிரித்தாள்.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு முதல் தடவை இழுத்தேன். பூவை உதிர்த்து இறுக்கமாக அடைத்துவிட்டேன் போல, ஒன்றுமே வரவில்லை. பாதியை வெளியே எடுத்த பிறகு வந்தது. வாயில் காய்ந்த புல்லை வறுத்த மாதிரி ஒரு ருசி. அவசரமாக இழுத்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. புகை மாதிரி வரும் என்று நினைத்தேன். ஏதாவது வருகிறதா என்று கண்ணாடிக்கு முன்னால் ஊதிப் பார்க்க வேண்டியிருந்தது.

நாக்கு வறண்டது. பைத்தியக்காரன் மாதிரிச் சிரிக்கப்போகிறேனோ என்று பயந்து, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்தபடி என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. எழுந்து நின்றபோது காலில் அந்த இழுவை குறைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் துணி கழுவும் தூளைக் கரைத்துத் தரையில் ஊற்றி, வாசனை போகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தடிமனோடு வந்தார். மூக்கடைத்து, மூச்சு விடவே கஷ்டப்பட்டார். நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மனைவி அறைக்குள் போய்க் கருவியைக் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு ஒருவருக்குச் சுகம் தந்த மருந்தை மற்றவருக்குக் கொடுக்காமல் இருக்கத் தெரியாது.

"இதை இழுங்கோ அக்கா. இதால இவர் இப்ப இரவில நல்லா நித்திரை கொள்ளுறார்."

காலையில் நான் போட்ட பூ இன்னும் உள்ளே இருந்தது. மனைவி பொத்தானை அழுத்தி அக்காவின் கையில் கொடுத்தாள்.

"எதால தம்பி இழுக்கிறது? மூக்காலயோ?"

"அக்கா, அது என்ர எச்சில் பட்டது..."

"நீ என்ர தம்பி. உனக்கென்ன எச்சில்?"

வாயில் வைத்துவிட்டார். அவர் பிரஷர் குளிசை போடுகிறவர்.

"வேண்டாம் அக்கா! அது கஞ்சா."

மனைவி சிரித்தாள். நான் பகிடி விடுகிற ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. அக்கா கருவியை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"டொக்டர் தந்ததோ?"

"ஓம் அக்கா. கால் நோவுக்கு."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார், நான் கேட்காமலே. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவி கோப்பைகளை எடுத்தாள்.

"அக்கா வாயில வைச்சிருக்காட்டி எனக்குச் சொல்லியிருக்கமாட்டியள், என்ன?"

டொக்டர் எழுதித் தந்தது, சட்டத்தில் இடமிருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

"நான் சட்டத்தைக் கேக்கேல்ல."

பொழுதுபட்டதும் கால் இழுக்கத் தொடங்கியது. சோபாவில் இருந்து தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் கருவியையும் பூ டப்பாவையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"நோகுதெண்டா இழுங்கோ. பாத்ரூமுக்க ஒளிக்க வேண்டாம்."

யன்னலைத் திறந்தாள். கீழே யாரோ தமிழில் கதைத்துக்கொண்டு போனார்கள். உடனே மூடி, திரையையும் இழுத்துவிட்டு எனக்கு எதிரே வந்து இருந்தாள். சூடாகிவிட்டது என்பதைக் காட்டும் பச்சை வெளிச்சம் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வராமல் இழுக்கப் பார்த்தேன்.